ரிஸ்னா எங்கே இருந்து படித்தாள்

வெறும் வட்டம்

பதினோராம் ஆண்டின் இரண்டாம் தவணைக் கணித விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ரிஸ்னாவின் தாள் கைக்கு வந்தது. முதல் பகுதியில் பாதிக்கு மேல் வெறுமை. இரண்டாம் பகுதியில் கவராயத்தால் ஒரு வட்டத்தை அழகாக வரைந்து, அதோடு விட்டிருந்தாள். ஒன்பதாம் ஆண்டில் கேத்திரகணிதம் என்றால் நான் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொன்ன பிள்ளை இவள். எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

மருதமுனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணித ஆசிரியையாகவும் பத்து, பதினோராம் ஆண்டுகளுக்குப் பகுதித் தலைவராகவும் இருந்தேன். ஓய்வு பெற்று அதிக காலம் ஆகவில்லை. புதிதாக நியமனம் பெற்று வருகிற தங்கைமார் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

அந்தத் தவணை முடிந்ததும் கூட்டம் வைத்தோம். குறைந்த புள்ளி எடுத்தவர்களை மெல்லக் கற்போர் என்று பெயரிட்டு ஒதுக்குவது வழமை. காரணம் சொல்வதில் எங்கள் ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள். போன், டிக்டொக், உம்மாமாருக்கு அக்கறை இல்லை, பிரைவேட் கிளாஸுக்குப் போய்க் களைத்து இங்கே வந்து தூங்குகிறார்கள் என்று ஆளுக்கொன்று வந்தது. அதிபர் சுருக்கமாக முடித்தார்.

"டீச்சர், ஒங்கட செக்ஷன்ல கணக்குப் பெயிலானா வலயக் கல்விக் கந்தோர்ல எனக்குத்தான் ஏச்சு. பரிகாரக் கற்பித்தல் வைங்க."

வைத்தேன். பாடசாலை விட்ட பிறகு ஒரு பாடவேளை கூடுதலாகப் படிப்பித்தேன். ரிஸ்னா முன்வாங்கில் இருந்து, கன்னத்தில் கை வைத்தபடியே நித்திரையாகிப் போனாள். எழுப்பிக் கேட்டால், "ஒண்டுமில்ல டீச்சர்" என்பாள். பேனையை எடுப்பாள். மறுபடி கண் சொருகும்.

சலீம் காக்கா வந்தார்

பெற்றார் கூட்டத்துக்கு அவளுடைய வாப்பா சலீம் காக்கா வந்தார். கைத்தறி நெசவாளர். உடுக்கிற சாரம் நெய்வதில் ஊரில் நல்ல பெயர். பெருநாளுக்கும் சாவு வீட்டுக்கும் தவிர வேறெதற்கும் தறியை விட்டு இறங்காதவர் என்பார்கள். அன்று இறங்கி வந்ததே பெரிய காரியம். புள்ளிகளைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"படிப்பு ஏறல்ல எண்டா விட்டுடுவம் டீச்சர். ஊட்டுல இருந்து நூல் சுத்தட்டும். எனக்கும் ஒரு கை உதவி. ஊடும் கெதியா முடியும்."

"எந்த ஊடு காக்கா?"

"அவள்ட ஊடுதான்."

இதைக்கூடவா கேட்பது என்பது போல என்னைப் பார்த்தார். அதுவும் சரிதான். எங்கள் கரையோர ஊர்களில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது என்றால் வீட்டோடுதான். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் பின்வளவுக்குப் போவார்கள். போன கையோடு அடுத்தவளுக்கு அத்திவாரம் வெட்டுவார்கள். ரிஸ்னாவின் ராத்தாவுக்கு அந்த வருடத் தொடக்கத்தில்தான் கல்யாணம் நடந்தது. எங்கள் ஆசிரியர்களில் பாதிப்பேர் போயிருந்தோம். ஸஹன் தட்டைச் சுற்றி இருந்து வயிறாரச் சாப்பிட்டோம், வீடு நல்ல விசாலம் என்று மெச்சினோம். இனி மற்றவர்கள் எங்கே படுப்பார்கள் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. எல்லார் வீட்டிலும் நடப்பது யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

"ஓ.எல் சோதனை வரைக்குமாவது பொறுங்க காக்கா."

"மூணாந் தவணை பாப்பம் டீச்சர். அதுலயும் இப்பிடி எண்டா நிப்பாட்டிருவன். நீங்க கோவிக்கப்படா."

கோவிக்கத்தான் செய்தேன். ஆனால் அவர் போன பிறகு அந்த 'அவள்ட ஊடு' என்ற சொல் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

பின்வளவு

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்வீட்டில் புதுப் பெயின்ட், புதுத் திரைச்சீலை. பின்வளவில் தகரக் கூரை போட்ட தறிக்கொட்டில். தறியைச் சுற்றித்தான் பாய், தலையணை, சட்டி பானை எல்லாம். சலீம் காக்கா நெய்துகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் உரத்துப் பேசினால்தான் காது கேட்கும். விடிய சுபஹு தொழுது ஏறினால் இரவு இஷா வரைக்கும் தறி ஓடுமாம். மூலையில் ரிஸ்னா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மகள், நீ எங்க இருந்து படிக்கிற?"

நூல் பெட்டியைக் காட்டினாள். அதன் மேல் கணிதப் புத்தகம் கிடந்தது. தறி அடிக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து துள்ளியது.

"ஒனக்கு மேசை இருந்ததே? கல்யாணத்தண்டு பாத்தனே."

பதில் அவள் உம்மாவிடமிருந்து வந்தது. "மெதுவாக் கதைங்க டீச்சர், இண்டைக்கு வெள்ளி, மாப்புள ஊட்டுல இரிக்கார். மேசை முன்னூட்டு ஹோலுக்க கிடக்கு. குடுத்த ஊட்டுல இருந்து சாமான் எடுத்தா அவர் என்ன நினைப்பார்?"

"எடுக்கத் தேவல்ல. அங்க போய் இருந்து படிக்கலாமே."

"மாப்புள இருக்கக்குள்ள கட்டாத கொமரு எப்பிடிப் போற?"

எனக்குப் பொறுமை அவ்வளவுதான். முன்வீட்டின் பின்கதவில் நின்று, "மகன், கொஞ்சம் வெளியில வாங்க" என்று கூப்பிட்டேன். ரிஸ்னாவின் உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு தறிக்குப் பின்னால் மறைந்தார். மருமகன் கல்முனையில் ஒரு சாமான் கடையில் வேலை செய்கிற பொடியன். வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். விசயத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறியது.

"டீச்சர், நான் ஹோலுக்கு வந்தா மாமி ஒழும்பிப் போறாங்க. ரிஸ்னா கொப்பியத் தூக்கிட்டு ஓடுறா. என்னில ஏதோ குறை எண்டு நினைச்சு நான் ரூமுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கன். தாங்க ஏலாத வெக்கை டீச்சர்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தறிக்குப் பின்னாலும் ஒரு சிரிப்புக் கேட்டது. மாமிக்குப் பயந்து மருமகன் உள்ளே, மருமகனுக்குக் கூச்சப்பட்டு மாமி வெளியே, நடுவில் மேசை சும்மா கிடக்கிறது. அவன் நல்ல பிள்ளை. "மத்த நாள்ல நான் கடையால வர பொழுதுபட்டு மஹ்ரிப் ஆகும். அதுவரைக்கும் ஹோல்ல ராத்தாவோட இருந்து படிக்கட்டும்" என்று அவனே சொன்னான்.

மேசை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் யார் நூல் சுற்றுவது? தறிச் சத்தமும் ஹோல் வரைக்கும் கேட்கும். சலீம் காக்கா கையை நிறுத்தினார்.

"அப்ப ஊடு எப்பிடி முடியிற டீச்சர்? நான் இந்தப் பாடு படுறது ஆருக்கு?"

நான் வாயைத் திறக்கும் முன் ரிஸ்னா எழுந்தாள். கையில் நூல் அப்படியே இருந்தது.

"வாப்பா, ஊடு பிந்தினாப் பரவால்ல. நான் ஏ.எல் படிக்கணும்."

அந்த வீட்டில் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை என்பது உம்மாவின் முகத்திலேயே தெரிந்தது. சலீம் காக்கா திரும்பித் தறியை அடிக்கத் தொடங்கினார். காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பி வந்தேன்.

மனையியல் அறை

திங்கட்கிழமை பாடசாலையில், பரிகார வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எல்லாரிடமும் தனித்தனியாக அதே கேள்வியைக் கேட்டேன். ஒருத்தி தம்பிமார் நித்திரையான பிறகு குசினி அடுப்படியில் இருந்து படிக்கிறாள். ஒருத்தி தன் கூடப் பிறந்த காக்காவின் கடையில் யாவாரம் பார்த்துக்கொண்டு படிக்கிறாள். இன்னொருத்தி யோசித்துப் பார்த்துவிட்டு, "எங்கயும் இல்ல டீச்சர்" என்றாள். அவளும் சின்ன ராத்தாவின் கல்யாணத்தோடு பின்வளவுக்குப் போனவள்தான். எத்தனை மணிநேரம் படிக்கிறாய் என்று வருடக்கணக்காகக் கேட்டு, அவர்கள் சொன்ன பொய்யை எழுதி வைத்த எங்களுக்கு இது புதிது.

அதிபரிடம் போய், பாடசாலை விட்டதும் அஸர் வரைக்கும் மனையியல் அறையைத் திறந்து வைப்போம் என்றேன்.

"பள்ளிக்கூடம் என்ன போர்டிங்கா டீச்சர்?"

"இல்ல சேர். ஆனா மேசை இரிக்கி."

அன்று ஏசினார். அடுத்த நாள் காலையில் அறையின் திறப்பை அவரே கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். மனிதன் கொஞ்சம் கடுகடுப்பு, மனம் பஞ்சு. பெண்பிள்ளைகளோடு யார் இருப்பது என்று வாப்பாமார் கேட்பார்கள் என்பதால், முறை வைத்து ஒவ்வொரு நாளும் ஓர் உம்மா வந்து இருந்தார். சோற்றுப் பொதியும் அவர்களே கொண்டு வந்தார்கள். நான் அங்கே பாடம் எடுக்கவில்லை. கேட்டால் சொல்லிக் கொடுப்பேன், அவ்வளவுதான். மேசையும் சத்தமில்லாத கொஞ்ச நேரமும் கிடைத்தபோது பாதிப் பிள்ளைகள் தாங்களாகவே புள்ளியில் எழும்பி வந்தார்கள். எல்லாரும் அல்ல. கடையில் இருந்து படித்த பிள்ளை இடையில் நின்றே போனாள். அவள் வீட்டுக்கு நடையாய் நடந்தும் என்னால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

ரிஸ்னா மூன்றாம் தவணையில் தப்பினாள். ஓ.எல் கணிதத்தில் 'சி' எடுத்து ஏ.எல்லுக்குப் போனாள். அவளுடைய வீடு இன்னும் பூச்சுப் பூசாமல் கிடக்கிறது.

தங்கைமாருக்கு நான் சொல்வது சின்ன விசயம்தான். ஒரு பிள்ளை ஏன் படிக்கவில்லை என்று கோபப்படுமுன், எங்கே இருந்து படிக்கிறாள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு முடிந்தால் போய்ப் பாருங்கள். நான் மெல்லக் கற்போர் என்று எழுதிய பிள்ளைகளில் பலர் மெல்லக் கற்றவர்கள் அல்லர். இருக்க இடம் இல்லாதவர்கள்.

தறி நின்ற பின்னேரம்

பெறுபேற்றை விட எனக்கு மறக்காதது வேறொன்று. மூன்றாம் தவணைப் பரீட்சை நெருங்கிய நாட்களில் அஸருக்குப் பிறகு அந்த ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தேன். சலீம் காக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் பதறிப்போய் நின்றாள்.

"டீச்சர், காக்காட தறிச் சத்தம் கேக்கல்ல. ஆரும் மௌத்தாகிட்டாங்களோ தெரியா."

இரண்டு பேருமாக உள்ளே ஓடினோம். தறியில் பாதி நெய்த சாரம் அப்படியே நின்றது. சலீம் காக்கா கொட்டில் வாசலில் குந்தியிருந்து, பழக்கமில்லாத கையால் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். சிக்கெடுத்துச் சிக்கெடுத்து அவர் மடியெல்லாம் நூல். எங்களைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்து, முன்வீட்டு ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"சத்தம் போடாதீங்க. புள்ள படிக்கிறா."

பக்கத்து வீட்டுக்காரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நானும் கழற்றினேன்.