பதினெட்டாவது வால்வு

"வால்வு ஆள் தவறிட்டார். நாளைக்கு மாற்று ஆள் ஏற்பாடு பண்ணவும்." எங்கள் குடிநீர் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் அந்தோணி அண்ணன் இறந்த செய்தி இப்படித்தான் வந்தது. இருபது வருடமாக இந்த ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர். பெயரைக்கூடப் போடவில்லை.

அவர் படத்தைத் திறக்கக் காலனியில் கூடியிருக்கிற உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

நான் அங்கே கம்ப்யூட்டர் வேலை, கான்ட்ராக்ட். போன வருடம் எங்கள் இன்ஜினியர் ஜே.இ. சார், "அவன் மண்டையில இருக்கறத எல்லாம் மேப்புல ஏத்து" என்றார். அண்ணனோடு வெயிலில் நடந்து பதினேழு வால்வுகளைக் குறித்தேன்.

"அவ்ளோதானாண்ணே?"

"அவ்ளோதாம்பா. போய் டீ சொல்லு."

பிறகு ஒருமுறை அவருக்குக் கடும் காய்ச்சல். மேப்பைப் பார்த்து நானே திறந்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. மூன்று நாள் காலனிக் குழாயில் காற்றுதான் வந்தது. உங்களில் ஒரு அக்கா ஆபீசுக்கு வந்து காலிக் குடத்தை என் மேசைமேல் கவிழ்த்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் அண்ணன் போர்வையோடு வந்தார். கரும்புக் கொல்லை வரப்பில் சருகைத் தள்ளி ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் வால்வு. ஊருக்குத் திறக்கும் முன் தினமும் அரைமணி நேரம் இதைத் திறந்தால்தான் கடைசியில் இருக்கிற காலனிக்குத் தண்ணீர் ஏறும்.

"மேப்புல போட்டுடறேண்ணே."

"இன்னாபா லூசு மாதிரி பேசற? பேப்பர்ல ஏறிச்சின்னா ஊர்ல பெரிய ஆளுங்க பாப்பாங்க. மறுநாளே வெல்டிங் வச்சி மூடிடுவாங்க."

"நீங்க இல்லன்னா?"

"அதனாலதான் நான் லீவே போடறதில்ல."

தங்கை கல்யாணத்துக்கே தாலி கட்டி முடிந்தபிறகு போனவர். இதைத் தியாகம் என்று பேசிவிட்டு உட்கார எனக்கு மனமில்லை. அவர் மாட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் ஒரே அளவு தண்ணீர் விட முடியாத ஒரு ஊர், ஒரு மனிதனை வரப்போடு கட்டிப்போட்டது.

இப்போது நான். மாற்று ஆள் ஊருக்குத் திறக்கும் முன் அந்த வால்வைத் திறக்க, அவர் போன மறுநாளிலிருந்து விடியற்காலையில் வில்லியனூரிலிருந்து வண்டியில் வருகிறேன். சென்னையில் ஒரு வேலை கிடைத்தது, போகவில்லை. "அந்தாளு எதையாவது சொல்லாம விட்டானா?" என்று ஜே.இ. சார் கேட்டார். "இல்ல சார்" என்றேன்.

அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு: வால்வைத் திருகும் அவருடைய இரும்புச் சாவி, அந்தக் கல் இருக்கும் இடம். இரண்டையும் தனியாகச் சுமக்க என்னால் ஆகாது. நாளைக் காலை ஐந்து மணிக்கு உங்களில் நான்கு பேர் வாருங்கள், காட்டுகிறேன். குடத்தைக் கவிழ்த்த அக்கா கட்டாயம் வரவேண்டும்.