வீடு காட்டிய சனிக்கிழமை

ஆஷ்ஃபீல்டில் எங்கள் பிளாட் இரண்டாம் மாடியில் இருந்தது. தெருவிலிருந்து கதவு வரை முப்பத்துநான்கு படிகள். எழுபதுகளின் பிற்பகுதியில், ஒரு குளிர்காலத்தில், அதை விற்றுவிட்டுப் போனோம். கட்டட நிறுவனம் ஒன்றில் வரைபடத்தைப் பார்த்து இவ்வளவு செங்கல், இவ்வளவு ஓடு, இத்தனை கதவு என்று எண்ணிக் கொடுப்பது என் வேலை. வேலையை விட்டுப் பல வருடங்களாகியும் எண்ணும் பழக்கம் போகவில்லை. ஆகவே இதில் வரும் எண்ணிக்கைகளை நம்பலாம். நான் நடந்துகொண்ட விதத்துக்குத்தான் என்னால் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியவில்லை.

மனைவி தாதி. வெஸ்ட்மீட்டில் புதிய ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. அதற்குப் பத்து நிமிட நடையில் முன்னும் பின்னும் முற்றம் உள்ள ஒரு வீட்டைப் பார்த்து முற்பணமும் கட்டிவிட்டோம். மாத முடிவுக்குள் பிளாட் விலைப்பட்டால்தான் அந்த வீடு எங்களுக்கு. விலைப்படாவிட்டால் வீடும் இல்லை, முற்பணமும் இல்லை. இரண்டு சனிக்கிழமைகள் பிளாட்டைத் திறந்து காட்டினோம். முதல் சனி ஆறு பேர், அடுத்த சனி நான்கு பேர். ஒருவரும் திரும்பி வரவில்லை. மிச்சம் ஒரு சனிதான்.

ஏஜண்ட் சிவந்த முகத்து மனிதர். எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சுற்றிவரப் பார்த்தார்.

"நல்ல பிளாட், மேட். ஆனால் இதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அது தெரியக் கூடாது."

அவர் சொன்னதை எல்லாம் நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எட்டுக் கதிரைகளில் நான்கு வெளியே போக வேண்டும். சுவரில் இருக்கும் சாமிப் படங்கள் போக வேண்டும். காட்டுவதற்கு முந்திய மூன்று நாட்கள் குசினியில் சமையலே கூடாது. பத்தே முக்காலுக்குக் கோப்பி மட்டும் கொதிக்கவிடலாம். அந்த வாசம் எல்லோருக்கும் பிடிக்கும். மனைவி தாதி உடுப்போடு நின்றால் இன்னும் நல்லது, வீடு துப்புரவு என்று பார்த்தவுடனே தெரியும் என்றார்.

அவர் போனபிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். "ஆஸ்பத்திரி உடுப்போட நிண்டா உள்ளுக்கை ஆரோ வருத்தக்காரர் கிடக்கினம் எண்டெல்லே நினைப்பினம்!"

கதிரைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கீழே கராஜில் வைத்தேன். படங்களைக் கழற்றியபோது சுவரில் ஒன்பது ஆணி ஓட்டைகள். வெள்ளைச் சுவர் என்பதால் பற்பசையால் அடைத்து விரலால் தடவிவிட்டேன்.

"இப்ப சுவருக்கும் பல்லுத் தீட்டுறியளோ?" என்றாள். பிறகு படங்களை அலுமாரிக்குள் அடுக்கும்போது, "முருகனுக்கு இதுக்குள்ள மூச்சு முட்டும். கதவை ஒரு விரற்கடை திறந்து விடுவம்," என்றாள்.

புதன் இரவோடு அடுப்பை நிற்பாட்டினோம். அதற்குப் பிறகு சாப்பாடு கடைப் பாண், வாழைப்பழம், தகரத்தில் அடைத்த பீச் பழம். வியாழன் முழுவதும் திரைச்சீலைகளைத் தோய்த்தாள். இவ்வளவையும் அவள் ஒரு விளையாட்டுப் போலவே செய்தாள். எனக்குத்தான் நித்திரை இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று பத்துக்கு என் அலுவலக மேசைக்குத் தந்தி வந்தது. பிளாட்டின் தபால் பெட்டிக்குப் பூட்டு இல்லாததால் ஊருக்கு அலுவலக விலாசத்தையே கொடுத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியின் தமையன் அடித்திருந்தார். அப்பா வியாழன் காலை திடீரென்று காலமானார், சனி பின்னேரம் மூன்று மணிக்குத் தகனம்.

மாமாவுக்கு நோய் வருத்தம் எதுவும் இருந்ததில்லை. வாரம் ஒரு கடிதம் போடுவார். புது வீட்டில் எத்தனை மரம் என்று போன கடிதத்தில்தான் கேட்டிருந்தார். நான் தந்தியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கழிவறைக்குள் போய் நின்றேன். முதலில் கண் கலங்கியது என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது நாளைக்குப் பதினொரு மணிக்கு ஆட்கள் வருவார்கள் என்ற நினைப்பு.

செய்தி தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்போது நாங்கள் பழகிய தமிழ்க் குடும்பங்கள் ஒன்பது. ஒரு குடும்பத்துக்குச் சொன்னால் ஒரு மணித்தியாலத்தில் ஒன்பதும் வந்துவிடும். கதவுக்கு வெளியே சப்பாத்துகள் குவியும். பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். அவள் நிலத்தில் பாய் போட்டு இருப்பாள். அந்த வீட்டுக்குள் ஏஜண்ட் யாரைக் கூட்டிக்கொண்டு வருவார்?

கழிவறையில் நின்றபடி கணக்குப் போட்டேன். ஊருக்கும் எங்களுக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். அங்கே பின்னேரம் மூன்று என்றால் இங்கே இரவு ஏழரை. விமானம் ஏறினாலும் தகனத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. சனி பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் போய்விடுவார்கள். பன்னிரண்டரைக்கு அவளிடம் சொன்னால் தகனத்துக்கு இன்னும் ஏழு மணித்தியாலம் இருக்கும். முழுகி, தகப்பனை நினைத்து அழ அவளுக்கு அந்த நேரம் போதும். அன்று இந்தக் கணக்கு எனக்கு மிகவும் நேர்மையானதாகத் தோன்றியது.

வீட்டுக்குப் போனபோது அவள் முழங்காலில் நின்று குசினித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் முகம் இப்பிடி இருக்கு?"

"நாளைக்கு என்ன நடக்குமோ எண்டு யோசினை."

"உங்கட யோசினையை ஆரும் விலைக்கு வாங்கினா நாங்கள் ரெண்டு வீடு வாங்கலாம். போய்ச் சப்பாத்தைக் கழட்டுங்கோ, நிலம் ஈரம்."

எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில் உடலை எடுக்கும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. எங்கள் அடுப்பு புதன் இரவிலிருந்து அணைந்து கிடந்தது. கதிரைகளை ஒதுக்கி வீட்டையும் கழுவியாயிற்று. அந்த வெறும் அறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பின்னால் வந்து, "நல்லா இருக்கு என்ன?" என்று கேட்டாள்.

சனி காலை அவள் மாம்பழ நிறச் சேலை உடுத்தி, பெரிய பொட்டு வைத்து, சாடியில் ஏழு மஞ்சள் பூக்களை வைத்தாள். தந்தி என் கோட்டின் உட்பையில் இருந்தது. பதினொரு மணிக்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் கலியாணம் கட்டப்போகிற இளம் சோடி. அந்தப் பெண் அலுமாரிக் கதவில் கையை வைத்தபோது என் மனைவி சிரித்துக்கொண்டே முன்னால் போய், அடுத்த அறையில் இதைவிடப் பெரிய அலுமாரி இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

பன்னிரண்டு பத்துக்கு ஏஜண்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்தப் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. நாலு மணிக்குப் பெண்ணின் தாயைக் கூட்டிவருகிறார்கள். ஒன்றையும் தொடாதீர்கள். மூச்சுக்கூட மெதுவாக விடுங்கள்."

பன்னிரண்டரை ஆனது. அவள் சோபாவின் ஓரத்தில், மெத்தை கசங்காமல், வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் புதிய கணக்கொன்று போட்டேன். தாய் வந்து போக ஐந்து மணி ஆகும். ஐந்துக்குச் சொன்னால் தகனத்துக்கு இன்னும் இரண்டரை மணித்தியாலம். அதுவும் நேரம்தான்.

நாலு மணிக்கு அந்தத் தாய் வந்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மாடி ஏறியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. என் மனைவி அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்து நாடியும் பிடித்துப் பார்த்தாள். இருவரும் கதைக்கத் தொடங்கினார்கள். தாய் தகப்பன் எங்கே என்று அந்த மனுஷி கேட்டாள்.

"அம்மா இல்லை. அப்பா ஊரில் இருக்கிறார். எழுபத்தொரு வயது. இன்னும் சைக்கிளில்தான் சந்தைக்குப் போகிறார். வீடு வாங்கினதும் அவரை இங்கே கூப்பிடப் போகிறேன்," என்றாள் மனைவி.

"நீ கொடுத்து வைத்தவள்," என்றாள் அந்தத் தாய்.

நான் அவர்களிடமிருந்து மூன்று அடி தூரத்தில் நின்றேன். கோட்டுக்குள் இருந்த தாள் சத்தம் போடும் என்று பயந்து அசையாமல் நின்றேன். அதைவிட வேறு ஒன்றும் செய்யவில்லை.

ஐந்தே முக்காலுக்கு டெலிபோன் அடித்தது. சம்மதமாம், ஏஜண்டின் அலுவலகத்தில் வைத்தே கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். அவள் என் கையிலிருந்த ரிசீவரை வாங்கித் தானும் ஒருமுறை கேட்டுவிட்டு வைத்தாள். தகனத்துக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணித்தியாலம் இருந்தது. எனக்குச் சாட்டு எதுவும் மிச்சமிருக்கவில்லை. பிளாட் விற்றாயிற்று. சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

"மூண்டு நாளாப் பாணும் வாழைப்பழமும்!" என்றாள் அவள். "பிறீசருக்கை ஆட்டிறைச்சி கிடக்கு. இண்டைக்குக் காய்ச்சுவம். மணக்கட்டும்! வெளிக்கதவையும் திறந்து விடுங்கோ, கட்டடம் முழுக்க மணக்கட்டும்!"

வாயை மூடிக்கொண்டேன். அவளுடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பல வருடங்களாக எனக்கே சொல்லிவந்தேன். அது முழு உண்மை இல்லை. தந்தி நேற்றே வந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் பயம். பிந்தப் பிந்த அந்தப் பயம் கூடிக்கொண்டே போனது.

ஏழரைக்கு அவள் அகப்பையிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தாள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். சாப்பிடும்போது நெஞ்செலும்பை எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பாளே.

ஞாயிறு காலை, தேத்தண்ணி குடித்தபிறகு, தந்தியை அவள் முன்னால் மேசையில் வைத்தேன். அவள் வாசித்தாள். பிறகு ஓரத்தில் குத்தியிருந்த முத்திரையைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை. மூண்டு பத்து."

"ஓம்."

"இண்டைக்கு ஞாயிறு."

"ஓம்."

"அந்த மனிசி கேக்கேக்கை, அப்பா சைக்கிளிலை போறார் எண்டு நான் சொன்னனான். நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள்."

"நிண்டனான்."

"என்ரை அப்பா எரியேக்கை நான் இறைச்சிக்கு உப்புப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறன்."

அவள் எழுந்து குசினிக்குப் போனாள். மிச்சக் கறியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு முப்பத்துநான்கு படிகளும் இறங்கிப்போய்க் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள். நான் கொண்டுபோகிறேன் என்று சொன்ன என்னை விலத்திக்கொண்டு போனாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறி அவள் அழுதது கேட்டது. வெளியே வந்தபோது, படங்களை எடுத்து வைக்கவா என்று கேட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டது அது.

"செத்தவீட்டுத் துடக்கெல்லோ. சாமிப் படம் அங்கையே இருக்கட்டும்," என்றாள்.

அன்று பகலே ஒன்பது குடும்பமும் வந்தன. வந்த ஒவ்வொருவரும் இருந்தவுடனே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எப்ப அறிவிச்சது?

"இண்டைக்குக் காலமை," என்று அவள் சொன்னாள். முதல் தடவை சொன்னபோது என்னைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. ஒன்பது தடவை சொன்னாள். வாசலில் நின்று ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டு ஒன்பதையும் கேட்டேன்.

தமையனுக்கும் அப்படியே எழுதிவிட்டாள். வெஸ்ட்மீட் வீட்டுக்கு நாங்கள் குடிபோன கிழமையில் அவருடைய பதில் வந்தது. நான்கு பக்கம். செத்தவீடு நடந்த விதம், வந்த சனம், எல்லாம் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில், வெள்ளி காலை அடித்த தந்தி ஞாயிறு வரை எங்கே படுத்துக் கிடந்தது என்று கேட்டுத் தபாற்கந்தோருக்குப் போய், தந்தி எடுத்த கிளாக்கரை எல்லோருக்கும் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்ததாக எழுதியிருந்தார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, தன்னில் பிழை இருந்தால் மன்னிக்க வேண்டும் என்றாராம்.

அவள் அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு நீட்டினாள். "இதுக்கு நீங்கள் பதில் எழுதுங்கோ."

இரண்டு இரவு இருந்து நடந்தது முழுவதையும் ஏரோகிராம் தாளில் எழுதினேன். பதினொரு மணி, நாலு மணி, இறைச்சி, எல்லாம். அவள் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இவ்வளவும் அண்ணைக்கு வேண்டாம். இறைச்சிக் கதை அவருக்கு என்னத்துக்கு? தந்தி நேரத்துக்கு வந்தது, அந்தாள்ல பிழை இல்லை, போய்ச் சொல்லுங்கோ எண்டு மட்டும் எழுதுங்கோ."

அப்படியே எழுதினேன். மூன்று வரி. மிச்ச இடம் முழுவதும் வெறுமையாகப் போயிற்று.

ஐந்து கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. அதுவரை வந்த கடிதங்களில் எல்லாம் என் பெயர் முதலிலும் அவள் பெயர் பிறகும் இருக்கும். இதில் அவள் பெயர் மட்டும். கிளாக்கரிடம் போய்ச் சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாராம். கிணறு இறைத்ததைப் பற்றியும் ஊரில் இருக்கும் தங்கையின் புது வேலையைப் பற்றியும் எழுதியிருந்தார். மச்சான் சுகமா என்ற வரி இல்லை. அவள் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை எனக்குக் கேட்க வாசித்தாள். வாசித்து முடிந்ததும் மடித்து வைத்துவிட்டு, சாப்பிட வரச் சொன்னாள்.