ஷிப்டுக்கு இருபத்தொரு நாள்

1998, ஐப்பசி மாதம். மோட்டார் ரூம் வாசலில் ரத்தத் துளியைப் பார்த்ததும் சந்திரம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

கல்பாக்கத்து உத்தியோகஸ்தர்கள் வீடு கட்டிக் குடியேறிய காலனி அது. மோட்டார் போடுவதும் தெருப் பெருக்குவதும் அவள் வேலை. அவளுடைய அம்மா ஊரார் வயலில் நாற்று நட்டவள். இவளுக்கு மாதச் சம்பளம், இடுப்பில் ஒரு சாவி. காலை ஸ்டாஃப் பஸ்ஸைத் தவறாமல் வழியனுப்பப் போகும் பெட்டை நாய்க்கு ‘ஷிப்டு’ என்று பேர் வைத்தவளும் இவள்தான்.

போன வருஷம் ஷிப்டு ஏழு குட்டி போட்டது. அணுவையே அடக்கி வைத்திருக்கும் காலனிக்கு அது அவமானமாகப் போயிற்று. சங்கச் செயலாளர் கோபாலகிருஷ்ணன் நோட்டீஸ் ஒட்டினார்: ‘இனிக் காலனியில் எந்த நாய் குட்டி போட்டாலும் தாயும் குட்டிகளும் லாரியில் ஏற்றி அச்சரப்பாக்கம் தாண்டி விடப்படும். விதிவிலக்கு இல்லை.’ கடைசி இரண்டு வார்த்தைக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு.

இப்போது இந்த ரத்தத் துளி: ஷிப்டு மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டது. குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்ய மெட்ராஸ் போக வேண்டும். நாயை எந்த பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். ஹெல்த் நர்ஸ் ஜெசிந்தாவிடம் கருத்தடை மாத்திரை கேட்டாள்.

“இது மனுஷிக்குக் குடுக்கறது. யாருக்குன்னு எழுதணும். புருஷன் பேரு?”

“எந்தப் புருஷன்னு சொல்றது நர்சம்மா? பதினோரு பேரு வாசல்லயே குந்திகினு கீறானுங்க.”

மிச்சம் இருந்தது ஒரே வழி: மோட்டார் ரூம். நாலு சுவர், இரும்புக் கதவு. உள்ளே ஷிப்டு ஊளையிட்டது. வெளியே பதினோரு ஆண் நாய்களும் பதில் சொன்னன. ஐந்தாம் நாள் கதவுக்கடியில் ஒரு கை நுழையும் அளவுக்குப் பள்ளம். கருங்கல் கொண்டுவந்து அடைத்தாள். எட்டாம் நாள் கல் நகர்ந்திருந்தது. அவள் பாயைக் கொண்டுவந்து வாசலில் விரித்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் ரத்தம் நின்றது. செயலாளரின் மனைவி லோகநாயகி, பவுடர் போட்ட பொமரேனியனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“எங்க ஸ்வீட்டிக்கும் நின்னுடுச்சு. தலைக்கு ஊத்தி விட்டாச்சு. தீட்டு முடிஞ்சா முடிஞ்சுதுதானே? நீ எதுக்கு இன்னும் பூட்டி வச்சிருக்க?”

“போன வருசம் நானும் அப்டித்தாம்மா தொறந்து வுட்டேன். ஏழு குட்டி. நமக்கு நின்னா முடிஞ்சிச்சு. இதுங்களுக்கு நின்னாத்தான் ஆரம்பமே. ஸ்வீட்டிய உள்ள கூட்டிகினு போங்க.”

“எங்க ஸ்வீட்டி தெருநாயைத் திரும்பிக்கூடப் பாக்காது!”

ஸ்வீட்டி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் செயலாளர் மாற்றுச் சாவியோடு வந்தார். நாய்ச் சண்டைக்கு நடுவில் மாட்டி, மாடி வீட்டு ராமானுஜம் சைக்கிளிலிருந்து விழுந்திருந்தார், புகார் ஏழாகிவிட்டது.

“தொற. துரத்திவிடு.”

சந்திரம்மா உள்ளே போய்ப் பூட்டித் தாழ்ப்பாளும் போட்டாள்.

“குட்டி போட்டா லாரின்னு எழுதுனதும் நீங்க, தொறன்னு சொல்றதும் நீங்க. இன்னா சார் நாயம்?”

“வேலை போயிடும், சந்திரம்மா!”

“போவட்டும் சார். மோட்டார் சுவிட்சு உள்ளதான் கீது. தண்ணி வேணுமா, கதவு தொறக்கணுமா?”

சாவி பூட்டுக்குள் நுழைந்து ஒரு முறை திரும்பியது. தாழ்ப்பாள் ஆடியது. அவள் ஷிப்டை மடியில் அழுத்திக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்தாள். அப்போது மாடியிலிருந்து ராமானுஜத்தின் குரல்: “செக்ரட்டரி சார்! உடம்பெல்லாம் சோப்பு! குழாயில காத்துதான் வருது!”

பூட்டிலிருந்து சாவி வெளியே போகும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் அவள் சுவிட்சைப் போட்டாள்.

இருபத்தோராம் நாள் கதவு திறந்தது. ஓய்வுபெற்ற அதிகாரியைப் பார்ப்பதுபோல ஷிப்டைப் பார்த்துவிட்டுப் பதினொன்றும் கலைந்தன. ஆனாலும் லாரி பயம் போகவில்லை. இரண்டு மாதம், தினமும் பெருக்கி முடித்ததும் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். மார்கழி முடியும்வரை வயிறு ஒட்டியேதான் இருந்தது.

போகிக்கு முதல் நாள், செயலாளர் வீட்டு சோபாவுக்கு அடியிலிருந்து கீச்சுக் குரல்கள். நாலு குட்டி. அதில் ஒன்று, டீக்கடை வாசலில் படுத்திருக்கும் தெருநாய் கறுப்பனை உரித்து வைத்திருந்தது.

மறுநாள் காலை சந்திரம்மா பெருக்கிக்கொண்டே நோட்டீஸ் போர்டு வரை வந்தாள். கோபாலகிருஷ்ணன் அங்கே தனியாக நின்றிருந்தார். போர்டு காலி. கையில் நாலு குண்டூசி.

“சார், லாரி எப்ப வருது?”

“எந்த லாரி?” என்றார். சட்டைப் பையில் மடித்து வைத்த தாளில் சிவப்புக் கோடு தெரிந்தது.

ஷிப்டு அங்கே இல்லை. பஸ்ஸை வழியனுப்பப் போயிருந்தது.