சாவி இல்லாமல் தொண்டூர் வரை: நானே கட்டிய காரில் ஒரு நாள்

நான்கு வருடம் என் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் நானே கட்டிய காரை, சாலையில் முதன்முதலில் ஓட்டியது நான் அல்ல, என் மாப்பிள்ளை. எனக்கு நடந்த அநியாயம் இதுதான். பயணக் கட்டுரையில் இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போகலாம். ஆனால் இந்தப் பயணமே அதனால்தான் நடந்தது என்பதால் முதலில் சொல்கிறேன்.

கிட் கார் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்புக் குழாயில் செய்த சட்டமும் ஃபைபர் உடம்பும் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வரும். எஞ்சின், கியர் பாக்ஸ், அச்சு இவற்றை ஒரு பழைய காரிலிருந்து நாமே கழற்றிப் பொருத்த வேண்டும். என்னுடையது இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி. கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. நான் செஞ்சியில் நெல் மண்டியில் எடை போட்டுக் காலம் கழித்தவன். வெல்டிங், வயரிங் எதையும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தப்பாகப் பற்றவைத்து, அறுத்தெறிந்து, மறுபடி பற்றவைத்துக் கற்றது. பழைய காரை இப்படி மாற்றியதை ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், ஏற்ற மட்டும் ஒன்றரை வருடம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடந்தேன்.

பூஜை ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளையார் கோயில் வாசலில். குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டபோது முந்திக்கொண்டு தன்னுடையதைச் சொன்னவர் மாப்பிள்ளை. சரி, சின்ன விஷயம் என்று விட்டேன். நம்பர் பிளேட் திருகு ஒன்று ஆடியது. வண்டிக்குப் பின்னால் குனிந்து அதை முறுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு ஓட்டுநர் பக்கம் நின்றவர் கையில் சாவியைக் கொடுத்தார். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து ஓட்டிவிட்டார். நான் எழுந்தபோது என் கண்ணெதிரே நம்பர் பிளேட் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. என் மகள் கலை அதை வீடியோ எடுத்து, 'எங்க வீட்டுக்காரர் காரு' என்று எழுதிச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பஜாரில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. தன் ஊரான திண்டிவனம் திரும்பும்போது மாப்பிள்ளை சாவியை எடுத்துப் போய்விட்டார். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் வைத்திருந்த கவரையும், ஸ்கேன் எடுத்துத் தருவதாகச் சொல்லிக் கொண்டுபோனார். நான் தனியாக ஓட்டக்கூடாதாம். எனக்கு வயது அறுபத்தாறு, கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதும் உண்மை. தனியாக ஓட்டக்கூடாது என்பதை மாப்பிள்ளை என்னிடம் சொல்லவில்லை. கலையிடம் சொல்லி, கலை அவள் அம்மாவிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னாள். எங்கள் வீட்டில் மாமனாரும் மாப்பிள்ளையும் சாப்பிட்டாச்சா, மழை உண்டா என்பதைத் தாண்டி நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. மாப்பிள்ளையிடம் கையை நீட்டிச் சாவி கேட்பது மரியாதை இல்லை. ஒன்பது வருடமாக அப்படித்தான்.

ஒரு வாரம் பொறுத்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் கொட்டகைக்குப் போகத் தோன்றியது. சாவியை எடுத்துப்போனால் வண்டி நின்றுவிடும் என்று நினைத்தவர், அதற்கு வயர் இழுத்தவன் யார் என்பதை மறந்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் எலெக்ட்ரிகல் கடையில் ஒரு லைட் சுவிட்சும் ஒரு காலிங் பெல் சுவிட்சும் வாங்கினேன். லைட் சுவிட்சைப் போட்டால் கரண்ட் வரும், பெல்லை அழுத்தினால் எஞ்சின் ஓடும். அரை மணி நேர வேலை.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு, மேல்சித்தாமூர் வழியாகத் தொண்டூர் மலைக்குப் புறப்பட்டேன். என் மனைவி சரோஜாவும் வருகிறேன் என்றாள். என் மேல் நம்பிக்கையால் அல்ல. "எங்கனா வுழுந்து கெடந்தா சொல்ல ஆளு வேணாமா," என்றாள். அவளும் நானும் உட்கார்ந்தால் வண்டி நிறைந்துவிடும். அவள் மடியில் தண்ணீர் பாட்டில், வேர்க்கடலை, ஒரு துண்டு.

திண்டிவனம் சாலையில் பங்க்கில் ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல். சாலை நன்றாக இருக்கிறது. நாற்பத்தைந்துக்கு மேல் நான் போகவில்லை. பிரேக் பிடித்தால் வண்டி கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது. இது தெரிந்துதான் கிளம்பினேன். என் வண்டியில் சக்கரம் சிறியது, மீட்டர் பழைய காருடையது. அதனால் அது பத்துக் காட்டினால் உண்மையில் ஒன்பதுதான். கிட் கட்டும் எல்லோரும் இந்த வித்தியாசத்தை ஒருமுறை கிலோமீட்டர் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து மேல்சித்தாமூர் போகும் சாலை குறுகலானது. எதிரே டிராக்டர் வந்தால் நீங்கள்தான் மண்ணில் இறங்க வேண்டும். வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. இரண்டு இடத்தில் சட்டம் உரசியது, இரண்டு முறையும் இறங்கிக் குனிந்து பார்த்தேன். ஏழு மணிக்கு முன்பே சமண மடத்து வாசலில் இருந்தோம். உள்ளே போனால் ஒரே பாறையில் செதுக்கிய பார்சுவநாதரை நின்று பாருங்கள். நான் அதிக நேரம் நிற்கவில்லை. வெளியே வண்டியைச் சுற்றிக் கூட்டம் சேரும் சத்தம் கேட்டது.

உரமூட்டையை மொபெட்டில் வைத்திருந்த ஒரு விவசாயி பானெட்டைத் தட்டிப் பார்த்தார். "இது போன்ல வந்த வண்டி தான? ஒரு மாப்ள ஓட்டினாரே, செவப்பா."

"கட்டினது நான்," என்றேன்.

"அப்டியா. அவரு நல்லா ஓட்டினாரு."

சரோஜா சிரித்தாள். நான் பெல்லை அழுத்திக் கிளம்பிவிட்டேன். டீகூடக் குடிக்கவில்லை. மேல்சித்தாமூரில் நிதானமாக ஒரு மணி நேரம் செலவிடலாம் என்று உங்களுக்கு எழுதுகிறேன். நான் செலவிட்டது இருபது நிமிடம்.

மறுபடி மெயின் ரோட்டைத் தொடும் கூட்டுரோட்டில் போலீஸ் செக்கிங். சப்-இன்ஸ்பெக்டர் வயது முப்பது இருக்கும், கூட ஒரு கான்ஸ்டபிள்.

"ஓரங்கட்டுங்க பெரியவரே. இன்னா வண்டி இது, சர்க்கஸ்ல இருந்து வருதா?"

"கார் சார். நானே கட்டினது."

"ஆஃப் பண்ணிட்டு சாவியக் குடுங்க."

"சாவி இல்ல சார்."

"சாவி இல்லாம எப்டி ஓட்டியாந்தீங்க?"

காட்டினேன். சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டு, பெல்லை அழுத்தினேன். எஞ்சின் ஓடியது. "சார், கொஞ்சம் இருங்க, உள்ள இருந்து யாருனா வந்து கதவத் தொறப்பாங்க," என்றார் கான்ஸ்டபிள். பிறகு வண்டியை உற்றுப் பார்த்தவர், "இது வீடியோல வந்த வண்டி சார். திண்டிவனத்துக்காரரோடது. அவரு வேற ஆளு, சின்ன வயசு," என்றார்.

"எங்க மாப்ளதான் அது," என்றாள் சரோஜா, உதவி செய்வதாக நினைத்து.

"மாப்ள வண்டியையா சாவி இல்லாம தூக்கினு வந்துட்டீங்க?"

"வண்டி என்னுது சார். சாவியத்தான் அவரு எடுத்துனு போய்ட்டாரு."

"உங்க வண்டிச் சாவிய அவரு ஏன் எடுத்துனு போறாரு?"

நான் லைசென்ஸை எடுத்து நீட்டினேன். அது சரியாக இருந்தது. வண்டி எண்ணை சப்-இன்ஸ்பெக்டர் தன் போனில் தட்டிப் பார்த்தார். அதில் இன்னும் பழைய காரின் மாடலும் வெள்ளி நிறமும்தான் இருக்கிறது. என் வண்டி பச்சை. உரிமையாளர் பெயர் பாதி எழுத்தும் பாதி நட்சத்திரக் குறியுமாக வந்தது. எங்களிடம் மாப்பிள்ளையின் நம்பரைக் கேட்டார். சரோஜா கொடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் மாப்பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமா சார், என் வண்டிதான். அவரு என் மாமனாரு. நான்தான் ஓட்டிப் பாருங்க மாமான்னு குடுத்தேன். வுட்டுருங்க சார்."

சப்-இன்ஸ்பெக்டர் போனைக் கீழே இறக்கினார். "அப்புறம் இன்னா, அவரே சொல்லிட்டாரு. பாத்துப் போங்க."

நான் நகரவில்லை. "இல்ல சார். அவரு சொல்றது பொய்யி. வண்டி என்னுது. அவரு எனக்குக் குடுக்கல."

"இன்னா மனுசன்யா நீ," என்றாள் சரோஜா. "வுடறேன்றாரு, ஆமான்னு தலையாட்டிட்டு வாயேன்."

"அப்போ அவரு குடுக்காமத்தான் எடுத்தீங்களா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"என் வண்டிய நான் எடுக்க அவரு எதுக்கு சார் குடுக்கணும்?"

அவர் சாலையோர மரத்தைக் கையால் காட்டினார். "அவரு வுட்டாலும் நீங்க வுட மாட்டேன்றீங்க. சரி, பேப்பர் வரட்டும். அப்டி மரத்தாண்ட நில்லுங்க."

மாப்பிள்ளை இன்னும் லைனில் இருந்தார். நான் குனிந்து, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, நடுவில் யாரும் இல்லாமல் சொன்னேன்: "மாப்ள, கவர எடுத்துனு வாங்க."

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தலையாட்டியிருந்தால் அந்நேரம் தொண்டூர் மலை மேல் இருந்திருப்பேன். ஆனால் அப்படிப் போயிருந்தால், ஒரு காவலர் முன்னால் நானே என் வாயால் வண்டியை எழுதிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். சக்கர நட்டுகளை மூன்று தடவை முறுக்கிப் பார்த்தேன். மரத்தைச் சுற்றி நடந்தேன். சரோஜா வண்டியிலேயே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தாள். பைக்கில் போனவர்கள் நின்று படம் எடுத்தார்கள். யார் கட்டியது என்று ஒருவர் கேட்டபோது அவள், "இதோ செக்குமாடாட்டம் சுத்தினு இருக்காரே, இவுருதான். நாலு வருசமா வூடு முச்சூடும் கிரீஸ் நாத்தம்," என்றாள். அதுவும் ஒரு சாட்சிதான்.

மாப்பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கினார். சவரம் செய்யாத முகம், கையில் கவர். சப்-இன்ஸ்பெக்டர் ஆர்.சி.யை எடுத்து என் பெயரையும் என் அப்பா பெயரையும் சத்தமாகப் படித்தார். மாற்றத்துக்கான பதிவையும் பார்த்தார்.

"வண்டி யாருது?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "மாமாவுது சார்."

"போன்ல வேற மாதிரி சொன்னீங்க."

"அப்டிச் சொன்னா வுட்டுருவீங்கன்னு சொன்னேன் சார்."

காகிதம் இல்லாமல் வண்டி எடுத்ததற்கு சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கண்டித்தார். அது நியாயம், கேட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை சாவியை நீட்டி, "இந்தாங்க மாமா," என்றார். நான் வாங்கவில்லை. சுவிட்ச் இருக்கிறதே. சரோஜா, "எனக்கு முதுவு போச்சு, நான் பஸ்ல போறேன்," என்று செஞ்சி பஸ்ஸில் ஏறிவிட்டாள். இடது சீட் காலியாக இருந்தது. மாப்பிள்ளை அதில் உட்கார்ந்தார்.

தொண்டூர் சாலையில் அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது, அங்கே பிரேக் இருப்பது போல.

"மாமா, எதுக்க லாரி."

"தெரியுது."

"கண்ணு..."

"ரெண்டு கண்ணும் தெரியுது. டாக்டர் சீட்டு வேணும்னா அதயும் கவர்ல வெச்சிக்கிறேன்."

கொஞ்ச தூரம் போனபின் அவரே பேசினார். "கலைதான் பயந்துச்சு மாமா. அதான் சாவிய எடுத்தேன்."

"கோயில்ல ஏன் ஏறினீங்க?"

அவர் மடியில் இருந்த கவரை நேராக்கினார். "அய்யரு சாவியக் கையில குடுத்துட்டாரு. ஒக்காந்தேன். நல்லா இருந்துச்சு மாமா."

நன்றாகத்தான் இருக்கும். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் நான்கு வருடம் கட்டினேன். அதற்காக நடந்தது நியாயமாகிவிடாது என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

தொண்டூரில் வண்டியை ஏரிக்கரைப் பக்கம் நிழலில் விட்டு, பாறைக்கு ஏறினோம். சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள் வழவழப்பாக, தலைமாட்டில் கொஞ்சம் உயர்த்தி இருக்கின்றன. வெயிலுக்கு முன் வந்தால் படுத்துப் பார்க்கலாம். நாங்கள் போனபோது பத்தரை, பாறை சுட்டது. மாப்பிள்ளை உட்கார்ந்தார். எனக்கு உட்கார முடியவில்லை. கீழே பச்சையாகத் தெரிந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். மொத்தம், திருத்திய கணக்கில், ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். வழி முழுக்க ஓட்டியது நான்.

இனி செய்ய வேண்டியவை, யார் யார் செய்ய வேண்டும் என்பதோடு:

கிட் கார் கட்டுபவர்கள்: மாற்றத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் சாலைக்கு வராதீர்கள். காகிதங்களை யாரிடமும் கொடுக்காதீர்கள், சொந்த மாப்பிள்ளையாக இருந்தாலும். இந்த வழியில் போவதானால் காலை பத்துக்குள் தொண்டூரை முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் மேல்சித்தாமூர் சாலை தாழ்ந்த வண்டிக்கு ஆகாது.

கிட் அனுப்பியவர்: இடது, வலது பிரேக் குழாய்கள் ஒரே அளவில் வர வேண்டும். என் பெட்டியில் வரவில்லை. இரண்டு முறை எழுதிவிட்டேன். மூன்றாவது முறையும் எழுதுவேன்.

பதிவுத் தகவலை இணையத்தில் ஏற்றுபவர்கள்: பச்சை, திறந்த வண்டி, இரண்டு சீட். காகிதத்தில் இருப்பது போனிலும் வர வேண்டும்.

சப்-இன்ஸ்பெக்டர்: அவர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. சரியாகச் செய்தார்.

கலை: அந்த வீடியோவுக்குக் கீழே 'எங்க நைனா கட்டின காரு' என்று மாற்ற வேண்டும். அனுப்பிய அத்தனை பேருக்கும் மறுபடி அனுப்ப வேண்டும்.

நான்: பிரேக்கைச் சரி செய்ய வேண்டும். மாப்பிள்ளை அழுத்தி அழுத்தித் தரை ஃபைபரில் விழுந்த விரிசலுக்குத் தகரம் அடிக்க வேண்டும்.

மாப்பிள்ளை: வண்டி யாருடையது என்று காவலர் முன்னால் சொன்னதைச் சொந்தக்காரர்கள் முன்னாலும் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னது போதாது. ஓட்ட ஆசையாக இருந்தால் என்னிடம் கேட்க வேண்டும், கலையிடம் அல்ல. கேட்டால் என்ன சொல்வேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். வரும் ஞாயிறு ஐந்தரைக்கு வந்துவிட வேண்டும். இடது பக்கம்தான்.