பேப்பரில் விழாத பிள்ளை

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் லீஸ் என்றொரு கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக்காரி இருக்கிறாள். இடைவேளைக்குக் கோப்பியோடு வந்து உட்கார்ந்து பேப்பரை விரிப்பாள். வார இறுதிப் பேப்பரில் நாடகம், படம், நடனம் பற்றி எழுதும் பக்கங்கள் தனியாக வரும். அவள் அதில் ஒரு வரியும் வாசிக்க மாட்டாள். ஒவ்வொன்றின் தலையிலும் போட்டிருக்கும் நட்சத்திரங்களை விரலால் தொட்டுக்கொண்டே போவாள். மூன்று, இரண்டரை, நாலு. பிறகு மடித்துவிடுவாள். ஒருநாள் என் மீன்குழம்பை ருசி பார்த்துவிட்டு, யோசித்து, "மூன்றரை" என்றாள். மிச்சத்துக்கு என்ன குறை என்று கேட்க எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. வீட்டுக்கு வரும்வரை யோசித்தேன். புளி கூடிவிட்டதா, மீன் உடைந்துவிட்டதா? இன்னதுதான் குறை என்று சொல்லாமலே ஒன்றை அளந்து வைத்துவிட்டுப் போகலாம் என்பதை மொன்றியலில்தான் கண்டேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பங்குக் கோவிலில் தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகம் போடுவார்கள். ஒரு வருடம், இயேசுவுக்குச் சாவுத் தீர்ப்பிட்டுக் கை கழுவும் பிலாத்துவாக என் அண்ணன் நடித்தான். அந்த நாளில் உள்ளூர்ப் பத்திரிகையில் இப்படியான நாடகங்களைப் பற்றியும் எழுதுவார்கள். எழுதியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். சைக்கிளில் வந்து, சனத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் போய்விடுவார். அண்ணனைப் பற்றிச் சில வரிகள் வந்திருந்தன. "பிலாத்துவாக வந்த இளைஞர் வசனங்களை விழுங்குகிறார். கிரீடத்தைச் சரிசெய்வதில் காட்டிய அக்கறையை உச்சரிப்பில் காட்டியிருக்கலாம். ஆனால் கைகழுவும் கட்டத்தில் அவரது கை நடுங்கி, தண்ணீர் அங்கியில் சிந்தியது. அது நடிப்பா, பயமா என்று தெரியவில்லை. எதுவானாலும் அந்த ஒரு நிமிடம் பிலாத்து நம் முன்னே நின்றார்." அண்ணன் கொதித்துப்போனான். "பயமோ? அந்தாளைக் கேட்டுக்கொண்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்தான். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தான். வாத்தியார் சொன்னாராம், "தம்பி, வாற வருசமும் நடுங்கும் பாப்பம். நடிப்பெண்டு அப்ப எழுதுறன்." அன்று பின்னேரமே கிணற்றடியில் செம்போடு நின்று கையை நடுக்கிப் பார்த்தான். "காய்ச்சல்காரன் மாதிரிக் கிடக்கு" என்று அம்மா சொன்னா.

வாற வருடம் நாடகமும் இல்லை, அவனும் இல்லை. ஷெல் விழுந்தது. பிறகு இடம்பெயர்ந்ததில் படங்களெல்லாம் போயின. அந்தப் பேப்பர்த் துண்டும் போனது. வரிகள் மட்டும் எனக்குப் பாடம். மரண அறிவித்தலில் அவனை அன்பும் பண்பும் நிறைந்தவன் என்று போட்டிருந்தார்கள். அது எந்தச் செத்தவருக்கும் பொருந்தும். கிரீடத்தில் கை வைத்துக்கொண்டு, வசனத்தை விழுங்கிக்கொண்டு, தண்ணீரைச் சிந்திக்கொண்டு என் அண்ணன் இருப்பது அவனைக் குறை சொன்ன அந்த வரிகளில்தான்.

அதனால்தானோ என்னவோ, பத்தாம் வகுப்போடு நின்றுபோன நான் இங்கே வந்து பேப்பரில் எழுதினேன். மொன்றியலுக்குப் பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் செல்வம் அண்ணை ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். தமிழ்க் கடைகளில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இலவசமாகக் கிடக்கும். ஒரு நாடகம் பார்த்துவிட்டு மனதில் பட்டதை எழுதித் தபாலில் போட்டேன். அவர் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, நீர் கதைக்கமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும். எழுதும்." மண்டபத்தில் நான் எப்போதும் வாசலுக்குக் கிட்ட இருப்பதால் 'கடைசி வரிசை' என்று அவரே பெயர் வைத்தார். கோபங்கள் வந்தன. பாட்டுக்காரப் பிள்ளையின் குரல் மூக்கால் வருகிறது என்று எழுதியதற்கு அந்தத் தாய் என்னோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை. செல்வம் அண்ணை சிரிப்பார். "கோவிச்சுக்கொண்டு எண்டாலும் வாசிக்கினம் தங்கச்சி. பேந்து அதே பிள்ளை வாயைத் திறந்து பாடும், இருந்து பாரும்." பாடியது. அதையும் எழுதினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாம் சுருங்கத் தொடங்கியது. லீஸின் பேப்பரில் நாடகம் பற்றி எழுதும் ஒரு கிழவியின் சின்னப் படம் வரும். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்ப்பாள். முதலில் அவளுடைய பத்தி அரைவாசியானது. பிறகு ஒருநாள் படத்தோடு காணாமல் போனது. நட்சத்திரங்கள் மட்டும் இருந்தன. "அந்த மனுசி எங்கே?" என்று லீஸிடம் கேட்டேன். "எந்த மனுசி?" என்றாள். அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. செல்வம் அண்ணைக்கும் சிறுநீரகம் பழுதாகி, பத்திரிகையை மருமகன் ரஜனிடம் கொடுத்தார். வியாபாரம் படித்த பிள்ளை, நல்ல மரியாதை. அரங்கேற்றம் வைக்கும் பெற்றோருக்கு மண்டபம், அழைப்பிதழ், மேக்கப், வீடியோ, சாப்பாடு எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்துகொடுக்கும் வேலையையும் அவன் தொடங்கியிருந்தான்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடியில் வசந்தியின் மகள் அபிராமி இருந்தாள். தன் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு முன் ஒருநாள் லிஃப்டில் என்னைப் பிடித்தாள். "அன்ரி, நீங்கள் தானே கடைசி வரிசை? அம்மா சொன்னவ."

"ஓம் பிள்ளை."

"எங்கடை ஆக்கள் எல்லாரும் சூப்பர் சூப்பர் எண்டு மட்டும்தான் சொல்லுவினம். நான் எப்பிடி ஆடுறன் எண்டு எனக்கே தெரியாது. நீங்கள் உண்மையா எழுதுவீங்களோ?"

"எழுதுறன்" என்றேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தாய்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

அரங்கேற்றத்தன்று வர்ணத்தின் நடுவில் அபி விழுந்தாள். குதிக்கால் வழுக்கி, எல்லாரும் பார்க்க, சத்தத்தோடு இருந்துவிட்டாள். டீச்சரின் தாளமும் நின்றது. அவள் எழும்பவில்லை. இருந்தபடியே நிலத்தில் உள்ளங்கையால் தாளத்தைத் தட்டினாள். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டா. அந்தத் தாளத்துக்குள்ளேயே அவள் எழுந்தாள். அதுவரை சனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஆடியவள், பிறகு ஒருவருக்கும் சிரிக்கவில்லை. தனியறையில் ஆடுகிறவள்போல ஆடினாள். இங்கே நான் பார்த்த நடனங்களில் அந்தக் கடைசி அரை மணித்தியாலத்துக்கு நிகராக ஒன்றுமில்லை. அதை அப்படியே எழுதி ரஜனுக்கு அனுப்பினேன். முற்பாதியில் அவள் ஆடியது பாடம் ஒப்புவித்ததுபோல இருந்தது என்பதையும் எழுதினேன்.

பேப்பர் வந்தது. 'கடைசி வரிசை' என்ற பெயருக்கு மேல் நான் எழுதாத வரிகள் இருந்தன. "செல்வி அபிராமியின் பாதங்கள் ஒரு கணமும் தடுமாறவில்லை. கண்கொள்ளாக் காட்சி."

அபியின் அரங்கேற்றத்தையும் ரஜன்தான் ஒழுங்குசெய்து கொடுத்திருந்தான். இரண்டு பஸ் மாறி அவனிடம் போனேன். அவன் தேத்தண்ணி போட்டுத் தந்தான். "கோவிக்காதேங்கோ அக்கா. உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன்" என்று ஒரு தாளை விரித்தான். பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக ஒரு படம். அரங்கேற்றத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்துகொடுக்கும் இந்த முறைக்கு அமெரிக்காவிலும் இங்கேயும் பேட்டன்ட் கேட்டிருக்கிறானாம். பேட்டன்ட் என்றால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவரைத் தவிர வேறு ஒருவரும் அதைச் செய்யக்கூடாது என்ற உரிமை. அது மெஷினுக்குத்தானே என்று கேட்டேன். "இப்ப வியாபாரம் செய்யிற முறைக்கும் குடுக்கிறாங்கள் அக்கா. இது ஒருத்தரும் யோசிக்காத முறை." நாலாவது பெட்டியில் விரலை வைத்தான். "இதுதான் நீங்கள்."

பார்த்தேன். மண்டபத்தின் பெட்டிக்கும் முந்தி இருந்தது என் பெட்டி. என்னிலிருந்து அம்புக்குறி மேடையை நோக்கிப் போனது.

"விமர்சனம் முதலே எழுதி வைக்கிறதோ தம்பி?"

"முதலே எழுதினால்தான் அக்கா வீடியோவிலை, விழா மலரிலை, பேப்பரிலை எல்லாத்திலையும் ஒரே மாதிரிப் போடலாம். தாய் தேப்பனும் பாத்து ஓம் எண்டவை."

"அது என்ரை பேர் எல்லே?"

"பேப்பரின்ரை பேர் அக்கா. மாமா வைச்சது." பிறகு சிரித்தான். "யோசியாதேங்கோ. இனி நீங்கள் குளிருக்குள்ளை மண்டபத்துக்கு அலையவும் தேவையில்லை." என்னில் இரக்கப்பட்டுத்தான் சொன்னான். தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் லீஸிடம் மனம் ஆறச் சொன்னேன். என் பிரெஞ்சில் பேட்டன்ட் என்ற சொல் விளங்கியது, மற்றது விளங்கவில்லை. நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து, துணி மடிக்கிறவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு எனக்குக் கை கொடுக்கவைத்தாள். இயந்திரத்தின் இரைச்சலில் நின்று ஒவ்வொருவருக்கும் மெர்சி, மெர்சி என்று நன்றி சொன்னேன்.

அன்று பின்னேரம் அபி தொலைபேசி எடுத்தாள்.

"அன்ரி, நீங்கள் வந்தனீங்கள் தானே? வாசலடியிலை இருந்தனீங்கள், கண்டனான்."

"ஓம் பிள்ளை."

"அம்மா வாசிச்சுக் காட்டினவ. ஒரு கணமும் தடுமாறவில்லையாம். நான் விழுந்தனான் அன்ரி. எல்லாரும் பாத்தவை."

"அது நான் எழுதேல்லைப் பிள்ளை."

"உங்கடை பேர் தானே போட்டிருக்கு? அப்ப ஆர் எழுதினது?"

அவள் ஆடுவதற்கு முன்பே அது எழுதப்பட்டுவிட்டது என்று எப்படிச் சொல்வது? பெற்ற தாயும் தகப்பனும் அதைப் பார்த்துத் தலையாட்டினார்கள் என்று பதினேழு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "விழுந்தாப் பிறகுதான் நீங்கள் வடிவா ஆடினனீங்கள். உண்மையா" என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் அன்ரி சொல்லுகினம்" என்றாள். "ஓகே. மெர்சி."

நான் சொன்னது உண்மை. ஆனால் அது உண்மையென்று அவளுக்குத் தெரிய ஒரு வழியும் இல்லாமல் போயிருந்தது. அவள் பிறகு ஆடவில்லை. "படிப்புக் கூடிப்போச்சு" என்றாள் வசந்தி. லிஃப்டில் கண்டால் அபி "போன்ஜூர்" என்பாள். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

சில வருடங்களில் காலம் மாறியது. ரஜனுடைய வக்கீல் கையை விரித்துவிட்டாராம். இப்போதெல்லாம் நீதிபதிகள் இப்படியான முறைகளை வேறு கண்ணால் பார்க்கிறார்கள், இதில் கண்டுபிடிப்பு எங்கே என்று கேட்கிறார்கள் என்றான். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம் வந்தது. ஒரு நிமிடம்தான். அதற்குள் ரொறன்ரோவிலும் இங்கேயும் எல்லாரும் அதே முறைக்கு வந்திருந்தார்கள். ஒருவனுக்கென்று பூட்டிவைத்திருந்தால் மற்ற இடமாவது தப்பியிருக்கும். செல்வம் அண்ணையும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள், அங்கே இன்னும் ஒருவராவது பின்னால் நின்று பார்க்கிறாரா என்று சொல்லுங்கள். இங்கே இல்லை.

ஆனாலும் போன மாதம் ஒரு அரங்கேற்றத்துக்குப் போனேன். வாசலில் அன்றைய பேப்பர் கட்டுக் கட்டாக இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தேன். அன்றைக்கு ஆடப்போகும் பிள்ளை எப்படி ஆடினாள் என்று அதில் இருந்தது. என் மடியில் நடனம் முடிந்துவிட்டது. மேடையில் திரை இன்னும் விலகவில்லை. அறிவிப்பாளர் தமிழில் வணக்கமும் பிரெஞ்சில் வரவேற்பும் சொல்லி, எல்லாருக்கும் நன்றி கூறிக்கொண்டு வந்தார். கடைசியாக, "எமது கலைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிவரும் 'கடைசி வரிசை' அவர்களுக்கும் நன்றி" என்றார். சனம் கை தட்டியது. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். நானும் தட்டினேன். என் கை நடுங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்து எழுத அந்த மண்டபத்தில் ஒருவரும் இருக்கவில்லை.