அல்லிக்கு ஒரு கையெழுத்து

ஆந்திர எல்லையோரத்து நகரியில் புருஷோத்தமனைக் கோபக்காரன் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அவனுக்குக் கோபமே வராது. முப்பது வருஷமாக விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. டீக்கடையில் "சக்கரை கம்மி" என்று அவன் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் பதறி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். அந்தத் தொண்டைக்குள் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி உட்கார்ந்திருக்கிறான் என்பது மனைவி துர்காதேவிக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டின் முன்பாதியில் நாலு தறி. தறிகளுக்குப் பின்னால் மூலையில் இரண்டு முயல்கள். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த மகள் மஞ்சு நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கி வந்தவை. ஜோடி என்று சொல்லித்தான் கடைக்காரன் விற்றானாம். ஒரு வருஷம் குட்டிக்காகக் காத்திருந்த பிறகுதான் இரண்டுமே பெட்டை என்று தெரிந்தது. கறுப்புப் புள்ளி போட்டது அல்லி, முழு வெள்ளை மல்லி. தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவை. கரண்ட் போனால்தான் அவற்றுக்கு ஆகாது. அல்லி காதை மடக்கிக்கொண்டு ஒடுங்கும், மல்லி பின்னங்காலால் தரையில் டொம்மென்று தட்டும்.

தை மாதம் ஒருநாள் காலையில் அல்லி படுத்திருந்த சாக்கில் ரத்தம் இருந்தது. திருப்பதியில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள்.

"கர்ப்பப்பையில கட்டி. இப்ப எடுத்துட்டா பிழைக்கும். இன்னொண்ணுக்கும் வர்றதுக்கு முன்னாலயே ஆபரேஷன் பண்ணிடுங்க."

"ஆம்பளையே இல்லாத ஊட்ல குடும்பக் கட்டுப்பாடு இன்னாத்துக்கு மேடம்?"

புருஷோத்தமன் மெதுவாகத்தான் கேட்டதாக நினைத்தான். வெளியே காத்திருந்த நாயொன்று குரைத்தது.

"குட்டி போட்டாலும் போடாட்டியும் இந்தக் கட்டி வரும்" என்றாள் டாக்டரம்மா. "ஆனா ஒண்ணு, முயலுக்கு மயக்க மருந்து கொஞ்சம் ரிஸ்க். அபூர்வமா முழிக்காமலும் போகும். மறைக்க மாட்டேன்."

முழிக்காமலும் போகும். இந்த இரண்டு வார்த்தையையும் தூக்கிக்கொண்டு வந்தவன் ஒரு வாரம் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டான். மஞ்சு பிறந்த பிறகு துர்காதேவிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தபோது காகிதத்தில் கையெழுத்துப் போட்டது அவன்தான். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு பன்னிரண்டு நாள் அவள் கிழிந்த துணியாகக் கிடந்தாள். யார் மேலும் தப்பில்லை, உடம்பு வாகு என்றார்கள். அவனோ தன் கையெழுத்துதான் அவளைச் சாய்த்தது என்று முடிவே கட்டிவிட்டான். அன்றிலிருந்து கேஸ் சிலிண்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் கை நடுங்கும்.

எட்டாம் நாள் சாக்கில் மறுபடியும் ரத்தம்.

"மஞ்சு நைனா, கையெழுத்து போட்டா பூடும்னு பயப்பட்றே. போடாட்டி மட்டும் இருந்துடுமா?" என்றாள் துர்காதேவி.

"ஏதாவது ஆயிட்சின்னா?"

"எனக்குந்தான் போட்டே. நான் இப்போ செத்தா பூட்டேன்? உன் எதிர்ல நின்னு கத்திக்கினுதானே கீறேன்?"

மறுநாள் காலை அல்லியைக் கூடையில் வைத்து திருப்பதி பஸ் ஏறினார்கள். வழியில் வடமாலபேட்டை வந்ததும் "எறங்கிடலாம்டி" என்று எழுந்தேவிட்டான். துர்காதேவி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆஸ்பத்திரியில் காகிதத்தை நீட்டினார்கள். உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் என்று தொடங்கும் வரிக்குக் கீழே பேர் எழுதும்போது பேனா இரண்டு தடவை வழுக்கியது.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம். அங்கே ஃபேன் சத்தம்கூட இல்லை. கதவு ஒவ்வொரு முறை அசையும்போதும் இதோ சொல்லப் போகிறார்கள் என்று புருஷோத்தமன் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். கடைசியில் துண்டில் சுற்றி அல்லியைக் கொண்டுவந்தார்கள். கண் திறந்திருந்தது.

"பயம் லேது. ஆனா இனிமேதான் ஜாக்கிரதை" என்றாள் டாக்டரம்மா. "முயல் சாப்பிடாம இருந்தா குடல் நின்னுடும், அப்புறம் காப்பாத்தறது கஷ்டம். பொழுது சாயறதுக்குள்ள தானா ஏதாவது கடிக்கணும். இல்லன்னா உடனே போன் பண்ணுங்க. சத்தமில்லாத இடத்துல வைங்க."

சத்தமில்லாத இடம். புருஷோத்தமன் வீட்டுக்கு வந்ததும் நாலு தறியையும் நிறுத்தினான். அது போதாதென்று பக்கத்து வீட்டு நாகபூஷணத்திடம் ஓடினான்.

"ஊட்ல ஆபரேஷன் கேஸ் கீது. சாயங்காலம் வரிக்கும் தறிய நிறுத்துப்பா."

"ஐயோ, யாருக்கு?"

"அல்லிக்கு."

அல்லி யாரோ சொந்தக்காரப் பெண் என்று நினைத்து நாகபூஷணம் மோட்டாரை அணைத்தான். எதிர்வீட்டிலும் அணைத்தார்கள். பொங்கலன்றுகூடத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

அல்லி அசையவில்லை. கொத்துமல்லி வைத்தார்கள், பசும்புல் வைத்தார்கள். முகர்ந்துகூடப் பார்க்காமல் காதை முதுகோடு மடக்கிக்கொண்டு நடுங்கியது. மணி நாலு ஆனது, நாலரை ஆனது, ஐந்து ஆனது. வாசலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தன் கைதான் மறுபடியும் இப்படிச் செய்துவிட்டது என்று புருஷோத்தமன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்போனை எடுத்தான். டாக்டரம்மா என்ன சொல்வாளோ என்ற பயத்தில் கீழே வைத்தான்.

அப்போது மல்லி பின்னங்காலால் தரையில் டொம்மென்று தட்டியது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் தட்டியது.

"கரண்ட் பூட்சின்னு நெனச்சிக்கினு கீதுங்க" என்றாள் துர்காதேவி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சத்தம் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். தையல் போட்ட வயிறு. தறியைப் போட்டு அது அதிர்ந்து ஏதாவது ஆனால்? இது கையெழுத்தைவிட மோசம், இதைப் போடச் சொல்லி யாரும் காகிதம் நீட்டவில்லை. புருஷோத்தமன் கடைசித் தறியின் பக்கம் போய் நின்றான். கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினான்.

ஒரு தறி ஓடியது. மல்லி தட்டுவதை நிறுத்தியது. அடுத்த தறியையும் போட்டான். அல்லியின் ஒரு காது மெல்ல எழுந்தது. மூக்கு துடித்தது. மூன்றாவது தறி ஓடத் தொடங்கியதும் கழுத்தை நீட்டி ஒரு கொத்துமல்லிக் காம்பைக் கடித்து இழுத்தது. வாய்க்குள் காம்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது.

பக்கத்து வீட்டில் நாகபூஷணம் கேட்காமலே தன் தறியைப் போட்டான். புருஷோத்தமன் நூல் மூட்டை மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். தறிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"அடுத்த மாசம் மல்லிக்கு!" என்று துர்காதேவி கத்தினாள்.

கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கிட்டே வந்து காதருகில் இன்னொரு முறை கத்தினாள். அவன் மல்லியைப் பார்த்தான். கை மறுபடியும் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"அந்த ஆஸ்பத்திரிப் பேனா வழுக்குதுடி" என்றான். "நம்ம ஊட்டுப் பேனாவ எட்த்தாந்துடு."