ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்: மரக்காணம் உப்பளத்தில் ஒரு காலை

போன ஏப்ரலில் மரக்காணம் போனது ஊர் சுற்ற இல்லை, தினக்கூலிக்கு. ஒரு வெளிநாட்டு அரசு இங்குள்ள உப்பளத் தொழிலாளிகளுக்கு ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தது. அந்த உதவியால் தங்கள் நாட்டுக்கு என்ன லாபம் என்று இப்போது அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். பூட்ஸ் செய்தது அவர்கள் ஊர்த் தொழிற்சாலைதான். அங்கே எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அந்த பூட்ஸ் இங்கே இனி விலைக்குப் போகுமா என்று கேட்டு எழுதுவது என் வேலை.

காலை நாலரைக்குத் திருவான்மியூரில் பஸ் ஏறினேன். ஈசிஆர் வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர், டிக்கெட் 120 ரூபாய். (கடல் பார்க்க ஆசையென்றால் இடது பக்கம் உட்காருங்கள்.) ஏழு மணிக்கு மரக்காணம். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

"சீக்கிரம் முடிச்சுடுங்க மேடம். பத்து மணிக்கு மேல அங்க ஒரு ஆளு இருக்க மாட்டாங்க," என்றார் ஆட்டோக்காரர்.

பாத்திகளில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலிலும் பூட்ஸ் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அம்சா வீட்டுக்குப் போய்ப் பாருங்க, தெரியும்," என்றார் ஒருவர்.

அரை மணி நேர நடை. அம்சாவுக்கு நாற்பது வயதிருக்கும். வலது காலில் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அஞ்சாம் நம்பர்மா. வந்தது எல்லாம் ஒன்பது, பத்து. பழைய புடவையைக் கிழிச்சு உள்ள அடைச்சுப் போட்டுக்கினேன். சேத்துல பூட்ஸ் மாட்டிக்கும், கால் மட்டும் வெளிய வந்துடும். உப்புத்தண்ணி உள்ள போய், துணி ஊறி, நாள் பூரா அறுத்துக்கிட்டே இருந்துச்சு."

"கழட்டிப் போட்டிருக்கலாமே அக்கா?"

"குடுத்தவங்க போட்டோ புடிக்க வருவாங்க, போட்டுட்டுத்தான் இருக்கணும்னு மேஸ்திரி சொன்னாரு. எனக்கும் கால் வெடிப்பு ஆறிடும்னு ஒரு நெனப்பு."

புண் சீழ் பிடித்துவிட்டதாம். சர்க்கரை இருப்பதே புதுச்சேரி ஆஸ்பத்திரியில்தான் தெரிந்ததாம். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். நாலு மாதமாக வேலைக்குப் போகவில்லை. இப்போது கணவர் சம்பளம் மட்டும்தான்.

படிவத்தை எடுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "இந்த பூட்ஸ் கடையில வந்தா, உங்க காசு போட்டு வாங்குவீங்களா?"

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். "என் அளவுல இருந்தா வாங்குவேன். அந்த உப்புல வெறுங்காலோட எத்தினி நாள் நிக்கிறது?"

படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். சென்னையில் இருந்த என் சூப்பர்வைசருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். விரல் போனதையும் சொன்னேன்.

"வாங்குவேன்னு சொன்னாங்கல்ல? ஆம் போடுங்க," என்றார்.

போட்டேன். அன்று நான் பேசிய மற்ற பெண்களில் பாதிப் பேரும் தங்கள் அளவில் இருந்தால் வாங்குவோம் என்றுதான் சொன்னார்கள். அத்தனையும் ஆம் கட்டத்தில் விழுந்தன. இங்கே நல்ல சந்தை இருப்பதாக அறிக்கை சொல்லும்.

கிளம்பும்போது அம்சா கேட்டார்: "அஞ்சுன்னு எழுதிக்கினியாம்மா?"

"எழுதிட்டேன்க்கா."

இது மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும்; அங்கே நிழல் கிடையாது. படிவத்தை முதல் நாளே முழுதாகப் படித்துப் பாருங்கள். நான் பஸ்ஸில்தான் படித்தேன். அதில் அளவு எழுத இடமே இல்லை என்பது அம்சாவிடம் பேசும்போதே எனக்குத் தெரியும்.